இன்று முதல் மூன்று நாட்களுக்கு

சௌதாமினியின் முகம் தெரியாதவர்கள் வெள்ளறடைப் பக்கத்தில் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. கோவில் உற்சவம், சர்ச் கன்வென்ஷன், ஜவுளிக்கடைத் திறப்பு, நாளை குழாயில் தண்ணீர் வராது என்கிற சேதி, மரணம், எதுவானாலும் மைக்செட்காரன் ஷைஜுவின் ஜீப் உச்சியில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்களிலிருந்து அவள் பதிவு செய்து கொடுத்த குரல்தான் வரும். முதலில் மலையாளத்தில் ஒரு தடவை, பிறகு தமிழில் ஒரு தடவை. எல்லையோரத்து ஜனத்துக்கு இரண்டுமே புரியும். ஆனாலும் ஒன்றில் மட்டும் சொன்னால், மற்றதில் வேறு ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று சந்தேகப்படுவார்கள்.

எல்லா அறிவிப்புக்கும் முன்னால் ஒரு பாட்டு ஓடும். மரணத்துக்கு மட்டும் பாட்டு கிடையாது. பாட்டில்லாமல் ஜீப்பின் சத்தம் கேட்டால் அடுப்பில் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு ஊர் வாசலுக்கு வந்து நிற்கும்.

முப்பது வருஷமாக இதுதான் அவள் தொழில். கொட்டிக் கொடுக்கிற தொழில் இல்லை. ஆனால் அவளுக்குள்ளே ஒரு கர்வம் இருந்தது. "சௌதாமினி சொல்லியாச்சு" என்றால் அதற்கு மேல் ஊரில் பேச்சு கிடையாது. தண்ணீர் வராது என்று அவள் சொன்னால் அரை மணி நேரத்தில் ஊரில் ஒரு குடம் காலியாக இருக்காது. அந்த நம்பிக்கையைத்தான் அவள் சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் பத்திரமாகவும் இருந்தது.

அவள் புருஷன் செல்லையன் மலையடிவாரத்தில் ஓர் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மரச்சீனி போட்டிருந்தான். மரவள்ளிக் கிழங்குக்கு இங்கே அதுதான் பேர். மரச்சீனி போடுகிறவனுக்குக் காட்டுப்பன்னிதான் எமன். பன்னியை விரட்ட ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள், சிலர் தகரம் தட்டுவார்கள், சிலர் பழைய சேலை கட்டுவார்கள். செல்லையன் போனில் பொண்டாட்டியின் அனவுன்ஸ்மென்ட்களை எல்லாம் சேர்த்து வைத்து, வயலில் ஒரு கம்பில் போனைத் தொங்கவிட்டு ஓடவிடுவான். உற்சவம், ஜவுளிக்கடை, குடிநீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

"எனக்க சத்தம் கேட்டு பன்னி ஓடுதா?" என்று ஒருநாள் கேட்டாள் சௌதாமினி. கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

"பின்ன. விழுந்தடிச்சு ஓடுவு" என்றான் செல்லையன். பன்னி வராத பகலிலும் அது ஓடிக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு நேரமில்லை. தேர்தல் வந்துவிட்டது.

வார்டு மெம்பர் கல்ஃபில் வேலை கிடைத்துப் போய்விட்டதால் வந்த இடைத்தேர்தல் அது. ஆயிரத்து நானூறு ஓட்டு. நின்றவர்கள் மூன்று பேர். சோமனுக்குக் குடைச் சின்னம், ஸ்ரீகுமாரிக்கு மேசை விசிறி, விஜயதாசுக்குக் கால்பந்து. மாநில எல்லையை யாரும் சட்டை செய்யாத ஊர் அது. ஒருத்தர் வீட்டுக் குழம்பு கேரளத்தில் கொதித்துத் தமிழ்நாட்டில் பரிமாறப்படும். அப்படிப்பட்ட ஊர் பத்தே நாளில் குடைக்காரர், விசிறிக்காரர், பந்துக்காரர் என்று மூன்று தேசமாகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பும் மூன்றானது. குடைக்காரன் கொட்டாவி விட்டால் அதில் சதி இருப்பதாக விசிறிக் குரூப்பில் ஒரு ஆடியோ வரும்.

மூன்று பேருக்கும் பிரசாரக் குரல் சௌதாமினிதான். காலையில் குடை ஜீப்பில், கரன்ட் போனால் விசிறியை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பாள். மத்தியானம் விசிறி ஜீப்பில், காற்றடித்தால் குடை மறுபக்கம் திரும்புவதை நினைவுபடுத்துவாள். சாயங்காலம் பந்து ஜீப்பில் இரண்டு பேரையும் கோலுக்குள் தள்ளுவாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் எழுதியிருப்பதற்காகத் தபால்காரரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை அல்லவா.

அந்த ஞாயிறு விடியற்காலையில் ஐந்து ஆட்களை வைத்துச் செல்லையன் பாதி வயல் மரச்சீனியைப் பிடுங்கி முற்றத்தில் மலைபோல் குவித்திருந்தான். நெய்யாற்றின்கரை வியாபாரி மத்தியானம் மினி லாரியோடு வந்தார். லாரியை விட்டு இறங்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே போனை ஜன்னல் வழியாக நீட்டினார்.

அதில் சௌதாமினி பேசிக்கொண்டிருந்தாள்.

"காட்டுப்பன்றிகளைக் கொல்ல விஷம் வைக்கப்பட்ட கிழங்குகள் கண்டெடுக்கப்பட்டிருப்பதால், இன்று முதல் மூன்று நாட்களுக்கு இந்தப் பகுதியில் விளைந்த மரச்சீனியை யாரும் வாங்கவோ சாப்பிடவோ வேண்டாம் என்று அறிவிக்கப்படுகிறது."

குரல் அவளுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைக்கு மேலே வேறொரு வார்டில் எவனோ விஷம் வைத்தபோது பதிவு செய்தது. மூன்றே நாளில் அந்த விஷயம் முடிந்தும் போனது. ஆனால் கேட்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அறிவிப்பில் தேதி இல்லையே. தேதி சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பதினெட்டாம் தேதி என்றால் ஜனம் அசையாது, இன்று என்றால்தான் செருப்பை மாட்டும். அதிலும் ஒருமுறை பதிவு செய்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். முப்பது வருஷமாக அவள் வாயிலிருந்து ஒரு தேதி வந்ததில்லை. இன்று, இன்று, இன்று என்றே சொல்லி வளர்த்த குரல் அது.

"அண்ணே, இது பழசு. மூணு கொல்லத்துக்கு முந்தினதாக்கும்" என்றாள்.

"இன்னைக்குன்னு நீதானே சொல்லுதே" என்றார் வியாபாரி. லாரி போய்விட்டது.

பிடுங்கிய மரச்சீனி மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு உள்ளே கறுப்பு வரி ஓடும், மாடுகூட முகம் திருப்பும். அரிந்து உலர்த்தலாம் என்றால் மழை விட்டபாடில்லை. ஒரு வருஷ உழைப்பு முற்றத்தில் நனைந்துகொண்டு கிடந்தது. செல்லையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அந்த ஆடியோவை அனுப்பியவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"அனுப்பினவனுக்க பெருவிரலு அழுகிப் போவும், பாத்துக்க. அந்த விரல வச்சு அவன் ஒரு வாய் சோறு உருட்டப்பிடாது."

சௌதாமினி திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. அன்று சாயங்காலமே ஷைஜுவின் ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து ஒரு மறுப்பு பதிவு செய்தாள். அது பழைய பதிவு, இப்போது விஷமும் இல்லை ஒன்றுமில்லை, தைரியமாகச் சாப்பிடலாம் என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். ஷைஜு அதை எல்லாக் குரூப்பிலும் போட்டான். பதில்கள் உடனே வந்தன. வாங்காதே என்று சொன்னதும் இதே குரல், வாங்கு என்று சொல்வதும் இதே குரல், இதில் எது அசல் என்று கேட்டது குடைக் குரூப். இதெல்லாம் இப்போது மெஷினே பேசும் என்றது விசிறிக் குரூப். அவள் வீட்டிலேயே ஒரு மலை மரச்சீனி கிடக்கிறது, பின்னே வேறு என்ன சொல்வாள் என்றது பந்துக் குரூப்.

பஞ்சாயத்தும் தன் பங்குக்கு முத்திரை வைத்த இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. அதைத் திறந்து பார்த்தவர்கள் மொத்தம் நான்கு பேர், அதில் ஒருவர் டைப் அடித்தவர்.

மறுநாள் காலை சுகாதார நிலையத்திலிருந்து அஷ்வதி என்கிற பெண் ஸ்கூட்டரில் வந்தாள். பொய்ச் சேதிகளை மறுக்கவென்று அவளுக்குத் தனியாக ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்களாம். செல்லையனின் குவியலிலிருந்தே ஒரு கிழங்கை எடுத்து வேகவைக்கச் சொல்லி, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலோடு சாப்பிட்டு அதை வீடியோவும் எடுத்துப் போட்டாள். நன்றாகத்தான் சாப்பிட்டாள், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். ஊர் அந்த வீடியோவை ரசித்துப் பார்த்தது. பார்த்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தது. மத்தியானத்திலிருந்து அஷ்வதிக்குப் போன் வர ஆரம்பித்தது. உடம்பு எப்படி இருக்கிறது மோளே, தலை சுற்றுகிறதா, கண் தெரிகிறதா என்று நாற்பது பேர் விசாரித்தார்கள். பயந்துபோன அவள் அம்மா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதிக்க வைத்தாள். அஷ்வதி ஆஸ்பத்திரிக்குப் போன போட்டோ ஒரே நிமிஷத்தில் மூன்று குரூப்பிலும் வந்துவிட்டது. அத்தோடு மரச்சீனியின் கதை முடிந்தது.

அன்று மாலை சௌதாமினி தோழி ரெஜிலாவின் வீட்டுத் திண்டில் போய் உட்கார்ந்தாள். ரெஜிலா விசிறிக்காரி. அடுத்த வீட்டு ஜெஸி பந்துக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. மூன்று பேரும் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலையில் ஒரே வரிசையில் மண்வெட்டி பிடித்தவர்கள், ஒரே தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி குடித்தவர்கள்.

குடை ஜீப் போனது. ரெஜிலா மிக்ஸியை ஓடவிட்டாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் மிக்ஸி. பந்து ஜீப் போனது. மறுபடியும் மிக்ஸி. விசிறி ஜீப்பின் பாட்டு தூரத்தில் கேட்டதும் மிக்ஸியை நிறுத்தி, ஃபேனையும் நிறுத்தி, "மிண்டாம இரி, கேக்கட்டு" என்று வாசலுக்கு வந்தாள். அந்த ஜீப்பில் வந்ததும் சௌதாமினியின் குரல்தான், மற்ற இரண்டில் போனதும் அவள் குரல்தான். பேசியவளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுகூட ரெஜிலாவுக்கு உறைக்கவில்லை.

சௌதாமினி ஒரு நிமிஷம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"மூணு எழுதணும் ஷைஜு. மூணுக்கும் அதது பாட்டு போடணும்."

குடைப் பாட்டுக்குப் பின்னால் இப்படி வந்தது: "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, நம் மண்ணில் விளைந்த மரச்சீனியில் விஷம் என்று விசிறிக்காரர்கள் பரப்பும் பச்சைப் பொய்யை முறியடிப்போம். இன்று மாலை மரச்சீனியும் மீன்கறியும் உண்டு நம் ஒற்றுமையைக் காட்டுவோம்." விசிறிப் பாட்டுக்குப் பின்னால் அதே வாசகம், பொய்யைப் பரப்பியது மட்டும் பந்துக்காரர்கள். பந்துப் பாட்டில் பழி குடைக்காரர்கள் தலையில். சுற்றிச் சுற்றி வந்து ஒருவரையும் விடாமல் பங்கு வைத்திருந்தாள்.

ஷைஜு ஹெட்போனைக் கழற்றினான். "சேச்சி, இது சரியாவுமா?"

"நாளைக் கழிஞ்சா கெழங்குல கறுப்பு ஓடும். சரியும் தப்பும் அதுக்கு மறுநாளு பாப்போம்" என்றாள் சௌதாமினி. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னபோது ஒருத்தரும் கேட்கவில்லையே என்கிற எரிச்சல்தான் இருந்தது.

வேட்பாளர்கள் மூன்று பேரும் வாசகத்தைக் கேட்டுவிட்டு, நமக்கே தோன்றாத நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை மூன்று ஜீப்பும் கிளம்பின. பத்து மணிக்குள் செல்லையன் வீட்டு முற்றத்தில் ஆள் நிற்க இடமில்லை. குடைக்காரர்கள் ஆட்டோவில் வந்து ஆறு மூட்டை கேட்டார்கள். ஆறு போயிருக்கிறது என்று கேள்விப்பட்டு விசிறிக்காரர்கள் எட்டு கேட்டார்கள். பந்துக்காரர்கள் மிச்சமிருந்ததை அப்படியே அள்ளிக்கொண்டு, வயலில் நிற்பதையும் பிடுங்கச் சொன்னார்கள். சாயங்காலம் ஜங்ஷனில் ஐம்பதடிக்கு ஒன்றாக மூன்று பந்தல் போட்டு மூன்று அண்டாவில் மரச்சீனி வெந்தது. முந்தின நாள் அஷ்வதி உயிரோடு இருக்கிறாளா என்று விசாரித்தவர்கள் இன்று வாழையிலையை வழித்துக்கொண்டிருந்தார்கள். பந்துப் பந்தலில் மீன்கறி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் யாரும் பந்தல் மாறிச் சாப்பிடவில்லை, கொள்கை அப்படி. ஊரில் மரச்சீனி போட்டிருந்த மற்றவர்களுக்கும் நல்ல காலம் பிறந்தது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் பஞ்சாயத்து எல்லைக்குள் விற்க ஒரு கிழங்கு இல்லை.

செல்லையன் காலியான முற்றத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தான். "அந்தப் பெருவிரலு எங்க இருந்தாலும் அழுகும்" என்று அப்போதும் ஒருமுறை சொன்னான்.

சௌதாமினி சொன்ன அந்த மறுநாள் வியாழக்கிழமை வந்தது. தொழிலுறுதி வேலையில் ஜெஸி வரிசையின் ஒரு கோடியிலும் ரெஜிலா மறுகோடியிலும் நின்றார்கள். விஷம் என்று சொல்லிப் பரப்பினது உன் ஆட்கள் என்று ரெஜிலா, குடைக்காரர் செய்ததற்கு எங்கள் தலையிலா பழி என்று ஜெஸி. விசிறிக்காரர்களுக்குப் பந்துக்காரர் மேல் கோபம், பந்துக்காரருக்குக் குடைக்காரர் மேல், குடைக்காரருக்கு விசிறிக்காரர் மேல். சாயாக்கடையில் மூன்று பெஞ்சும் பிரிந்தன. வெள்ளிக்கிழமை கிணற்றில் இரண்டாவது கயிறு ஒன்று தொங்கியது. சனிக்கிழமை கிணற்றுச் சுவரின் நடுவில் யாரோ சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வாளி இந்தப் பக்கம் சாய்ந்தால் ரெஜிலாவின் தண்ணீர், அந்தப் பக்கம் சாய்ந்தால் ஜெஸியின் தண்ணீர். உள்ளே தண்ணீருக்கு அந்த விவரம் தெரியாது.

சௌதாமினியும் அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஓட்டு முடிந்தால் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ஓட்டும் முடிந்தது. கோடு மட்டும் அழியவில்லை. அதன்மேல் இரண்டாவது தடவை சுண்ணாம்பு பூசியிருந்தது.

புதன்கிழமை கல்ஃபிலிருந்து அனூப் கூப்பிட்டான், செல்லையனின் தங்கை மகன். செல்லையன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, உற்சவ அனவுன்ஸ்மென்ட் அனுப்பித் தாங்கன்னு கேட்டு நாளு எத்தன ஆச்சு? அத்தைக்க சத்தத்துல அதக் கேட்டாத்தான் எனக்கு உற்சவம். நீங்க அன்னைக்கு அனுப்பினது பன்னி விஷமாக்கும். ஆனா நல்ல வேள மாமா, கேட்ட உடனே நான் நாட்டுல உள்ள எல்லாருக்கும் அனுப்பிட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல்லியே?"

சௌதாமினி போனை வாங்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செல்லையன் அனுப்பியிருக்கிறான். பட்டியலில் உற்சவத்துக்கு நேர் கீழே பன்னி. செல்லையனின் கண்ணாடி எப்போதும்போலச் சட்டைப் பையில் இருந்தது. அதை மாட்டினால் வயசான மாதிரி இருக்குமாம்.

செல்லையன் தன் வலது கைப் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆரிட்டயும் சொல்லாத பிள்ளே" என்றான் மெதுவாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சொல்லாமல் இருப்பது சுலபம். கிழங்கு விற்றாகிவிட்டது, ஊர் ஏற்கனவே மூன்று பொய்யை நம்பி நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மூன்றையும் நம்ப வைத்தது யார்? முப்பது வருஷம் தண்ணீர் வரும் வராது என்று சொல்லிச் சேர்த்த பேரை எடுத்துத்தானே அதைச் செய்தாள். இனி நாளை நிஜமாகவே எங்கோ விஷம் வைத்தால், நிஜமாகவே வெள்ளம் வந்தால், எந்த வாயால் சொல்லுவாள்?

"கிணத்துல கோடு போட்டு வச்சிருக்கினும். பாத்தியளா?" என்றாள்.

"பாத்தேன்."

"அது நான் போட்ட கோடாக்கும்."

ஊரில் தலை காட்ட முடியாது, சாயாக்கடையில் சாகும்வரைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று செல்லையனுக்குத் தெரியும். கடைசியில், "செரி, சொல்லு. ஆனா கொஞ்சம் நிறுத்தி, தெளிவாச் சொல்லணும்" என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷைஜுவின் ஜீப் கொடியில்லாமல், படமில்லாமல், பாட்டில்லாமல் ஊருக்குள் நுழைந்தது. பாட்டில்லை என்றதும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. மிக்ஸிகள் நின்றன. ஆம்பிளைகள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஜெஸி கிணற்றின் அந்தப் பக்கமும் ரெஜிலா இந்தப் பக்கமுமாக, பிடித்த கயிற்றோடு நின்றார்கள். யார் போய்விட்டார்கள் என்று மட்டும்தான் அப்போது எல்லோருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஜீப் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றது. சௌதாமினி முன்சீட்டில் உட்கார்ந்து நேரடியாக மைக்கில் பேசினாள். பழக்கதோஷம், குரல் தானாக மரண அறிவிப்புக் குரலாகத் தாழ்ந்துவிட்டது.

"கிழக்கேவிளை வீட்டில், என் கணவர் செல்லையன் அவர்கள்…"

மூச்சு வாங்க நிறுத்தினாள். அதற்குள் ஜெஸி, "ஐயோ எனக்க அண்ணா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். ரெஜிலா கயிற்றை விட்டுவிட்டாள். வாளி உள்ளே போய் விழுகிற சத்தம் மைக்கிலும் கேட்டது.

"…நடப்பு மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு, கண்ணாடி போடாமல், உற்சவ அனவுன்ஸ்மென்ட் என்று நினைத்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய பன்னி விஷ அனவுன்ஸ்மென்டைத் தன் மருமகனுக்கு அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் சுற்றியது அதுதான். குடைக்காரரும் பரப்பவில்லை, விசிறிக்காரரும் பரப்பவில்லை, பந்துக்காரரும் பரப்பவில்லை. பரப்பினார்கள் என்று மூன்று ஜீப்பிலும் மூன்று பொய் சொன்னது நான். எங்கள் வீட்டுக் கிழங்கு விற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இப்போது நான் இதைச் சொல்கிற தேதி இருபதாம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு ஐந்து. சொல்வது சௌதாமினி."

மைக்கில் தேதி சொன்னதும் அவளுக்கே வாயில் புது ருசியாக இருந்தது. ஊர் அசையாமல் நின்றது. ஜெஸி அழுகையைப் பாதியில் நிறுத்த முடியாமல் விக்கிக்கொண்டிருந்தாள். இதையும் நம்ப மாட்டார்கள் என்றே சௌதாமினிக்குத் தோன்றியது.

முதலில் வாய் திறந்தது ரெஜிலாதான். யாரைப் பார்த்து என்றில்லாமல் கேட்டாள். "இது இப்போ எந்தக் கச்சிக்காரன் சொல்லச் சொன்னதாக்கும்?"

"எந்தக் கச்சிக்காரிடி சொந்தக் கெட்டினவன மைக்குல இப்பிடிச் சொல்லுவா?" என்றாள் ஜெஸி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உள்ளதாத்தான் இருக்கும். செல்லையண்ணன் போன மாசம் எனக்கு எருக் கணக்கை அனுப்பதுக்குப் பதிலா அவருக்க கால் புண்ணுக்க போட்டோவ அனுப்பினாரு."

"எனக்கும் வந்துது அது" என்றாள் ரெஜிலா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேசி ஏழு நாள் ஆகியிருந்தது. ரெஜிலாவின் உதடு துடித்தது, பிறகு ஜெஸி புரையேறிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு வேலி தாண்டிப் போனது. சோமனுக்கு ஓட்டுப் போட்டவர்களும் ஸ்ரீகுமாரிக்குப் போட்டவர்களும் விஜயதாசுக்குப் போட்டவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றாக இருந்தார்கள். செல்லையன் இதைச் செய்யக்கூடியவன்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. உள்ளே விழுந்த வாளியை எடுக்க ஜெஸியின் கயிற்றைத்தான் இறக்க வேண்டியிருந்தது. இழுக்கும்போது ஈரத்தில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்தது. மீதியை ரெஜிலா காலால் தேய்த்துவிட்டாள்.

சாயாக்கடையில் செல்லையனுக்கு அன்று முழுக்க மரியாதை நடந்தது. "அண்ணே, கண்ணாடிய மாட்டிட்டு சாயா குடியும், சாம்பார மாத்திக் குடிச்சிரப்பிடாது" என்றார்கள். மூன்று பெஞ்சிலிருந்தும் சொன்னார்கள். அவன் தலை குனிந்து குடித்துவிட்டு வந்தான். சௌதாமினிக்கு அதைக் கேள்விப்பட்டு மனசு கேட்கவில்லை. ஊருக்குச் செய்த நல்லதெல்லாம் இந்த மனுஷன் தலையில் வைத்துச் செய்ததாகப் போயிற்றே என்று சாயங்காலம் வரைக்கும் உருகிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் அவனைத் தேடி வயலுக்குப் போனாள். அடுத்த விளைச்சலுக்கு மரச்சீனிக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் கம்பில் போன் தொங்கியது. அதிலிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. காலையில் ஜீப்புக்குப் பின்னால் நின்று பதிவு செய்திருக்கிறான், வாளி விழுந்த சத்தம்கூட அதில் இருந்தது.

"கிழக்கேவிளை வீட்டில், என் கணவர் செல்லையன் அவர்கள்…"

"இதையா போட்டுக் கேக்கிய?" என்றாள். "இன்னும் வெக்கம் போதாதா? பன்னிய விரட்டதுக்கு வேற ஒண்ணும் இல்லியா?"

"பன்னிக்கு இல்ல" என்றான் செல்லையன். குனிந்து மண்ணை அணைத்தான். "உனக்க அனவுன்ஸ்மென்ட் முந்நூறு வச்சிருக்கேன். ஊருல உள்ள ஒவ்வொருத்தனுக்க பேரும் அதுல உண்டு. எனக்க பேரு இதுல மட்டுந்தான் உண்டு."

சௌதாமினி அவன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவன் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"கேளுங்க. யாருக்கும் அனுப்பிராதிய" என்றாள். பிறகு ஒரு கட்டு கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசையில் நட ஆரம்பித்தாள்.